அரை வயலின்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீட்டின் முன்னால் நிற்கிற மரங்களைப் பார்த்தாலே உள்ளே இருப்பவர் என்ன கிரேடு என்று சொல்லிவிடலாம். ஒரு முருங்கை, வேலியோரம் கொஞ்சம் கனகாம்பரம் என்றால் தொழிலாளி. மாவும் சப்போட்டாவும் என்றால் அதிகாரி. பலா இரண்டு நின்று, பழம் பறிக்க ஆள் வந்து, அப்படியும் தீராமல் டிரைவரிடம் சுளை கொடுத்தனுப்பும் வீடு என்றால், அந்த வீட்டு நாயிடம்கூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் நடந்துகொள்ள வேண்டும். நிறுவனம் ஒதுக்குவது வீட்டை மட்டும்தான். மரங்கள் தாமாகவே விதிமுறையைப் படித்துக்கொண்டு வளர்ந்துவிடுகின்றன.

புவனா போன வருடம் துணைப் பொது மேலாளர் ஆனாள். இரண்டு பலா உள்ள வீட்டுக்குக் குடிவந்தாள். சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் மகள் இசைப்பிரியாவுக்கு வயலின் வாங்கிவிட்டாள். ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போனவள், கூட்டம் முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய், "இருக்கிறதுலயே பெருசு எதுவோ அதக் குடுங்க" என்று கேட்டு வாங்கிவந்தாள். குழந்தைக்கு என்ன வயது என்று கடைக்காரர் விசாரித்தார். புவனா வயதைச் சொல்லவில்லை. தன் பதவியைச் சொன்னாள்.

இசைப்பிரியாவுக்கு எட்டு வயது. வயதுக்கும் சின்ன உடம்பு. பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தினால் அவள் நெஞ்சுக்கு வந்தது. அனல்மின் நிலையத்தில் இன்ஜினியராக இருக்கும் அவள் அப்பா சுதாகர், ஷிப்ட் முடிந்து வந்து காலணியைக் கழற்றியபடியே அதைப் பார்த்தார்.

"புவனா, இதுல வயலின வைக்கணுமா, பாப்பாவ வைக்கணுமா?"

புவனா சிரிக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவள்தான். வயலின் அளவு விஷயத்தில் மட்டும் முப்பது வருடமாக அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அவள் இதே ஊரில் பிறந்தவள். முருங்கையும் கனகாம்பரமும் உள்ள வீட்டில். அப்பா வெள்ளைச்சாமி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டியவர். அந்தக் காலத்து நெய்வேலியை நினைத்தால் புவனாவுக்கு முதலில் ஞாபகம் வருவது கொடியில் காயும் வெள்ளைத் துணிதான். சாம்பல் விழும் என்று அம்மா வானத்தைப் பார்த்துப் பார்த்துத் துணி எடுப்பாள். அப்புறம் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் நீளமாகக் கிடக்கும் சாலை, காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் ஒரே நேரத்தில் கிளம்பும் சைக்கிள்கள், பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரர்கள் வைக்கும் குழம்பும் எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர்கள் வைக்கும் குழம்பும் தெருவின் நடுவில் சந்தித்துச் செய்யும் வாசனை. எல்லாருக்கும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி ஜன்னல், ஒரே நாளில் சம்பளம். எங்கள் தெருவில் ஏற்றத்தாழ்வே கிடையாது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஏற்றத்தாழ்வு எல்லாம் அடுத்த பிளாக்கில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கொத்து மகளிர் மன்றத்து ஹாலில் வயலின் வகுப்பு நடக்கும். வயலின்கள் மன்றத்துக்குச் சொந்தம். கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருக்கும். முழு அளவு, முக்கால், அரை. எந்தப் பிள்ளைக்கு எது என்று முடிவு செய்ய மன்றத்துச் செயலாளர் அம்மாள் பிள்ளையின் கையைப் பார்க்க மாட்டார். அப்பாவின் கிரேடைக் கேட்பார். குவார்ட்டர்ஸ் அப்படித்தான் ஒதுக்கினார்கள், ஆஸ்பத்திரியில் வார்டு அப்படித்தான் ஒதுக்கினார்கள், விழாவில் நாற்காலி அப்படித்தான் போட்டார்கள். வயலின் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்ததா? அதிகாரி பிள்ளைக்கு முழு வயலின், சூப்பர்வைசர் பிள்ளைக்கு முக்கால், தொழிலாளி பிள்ளைக்கு அரை. இதில் அநியாயம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எட்டு வயது புவனாவுக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த அரை வயலின், அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. வாசிப்பும் அப்படியே வந்தது.

சங்கடம் பிறகுதான் ஆரம்பித்தது. புவனாவின் கை வளர்ந்தது. வெள்ளைச்சாமியின் கிரேடு வளரவில்லை. பன்னிரண்டு வயதில் விரல்கள் அரை வயலினின் சின்னக் கழுத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஒரு ஸ்வரத்தில் விரல் வைத்தால் அடுத்த ஸ்வரத்தின் வீட்டு வாசலையும் மிதித்தது. முக்கால் வயலின் கேட்கப் போனபோது செயலாளர் அம்மாள் கனிவாகத்தான் சொன்னார்.

"அப்பாவுக்கு ப்ரமோஷன் வரட்டும்மா. அன்னைக்கே தர்றேன்."

வெள்ளைச்சாமி அதைக் கேட்டு வெகுநேரம் யோசித்தார். பத்து மாடி உயரத்துக்கு நிற்கும் இயந்திரம் அவர் கைக்கு அடங்கியது. "அம்புட்டுப் பெரிய மிஷினையே நம்பி எங்கிட்டக் குடுத்திருக்காக. ஒரு முக்கா வயலின நம்பித் தர மாட்டேங்காகளே" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சண்டை போடத் தெரியாது. புவனா வகுப்பை விட்டாள்.

இப்போது அந்த அலமாரி இல்லை. அவள் பிறந்த தெருவில் பாதி வீடு காலி. கதவும் ஜன்னலும் கழற்றிய வீடுகளுக்குள் ஆமணக்கு குடிவந்திருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் கடலூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். மன்றமும் வயலின்களை ஒதுக்குவதில்லை. அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் இப்போது அவரவரே தமக்கு ஒதுக்கிக்கொள்கிறார்கள். அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் முழு வயலினோடு முதல் வரிசையில் உட்காருகிறார்கள். அப்படி ஒரு விதி எங்கும் எழுதியில்லை. எழுதாத விதியைத்தான் இந்த ஊரில் யாரும் மீறுவதில்லை.

வகுப்பு எடுப்பவள் தமிழ்மொழி. சேத்தியாத்தோப்புப் பக்கம் வயல் உள்ள குடும்பம். சிதம்பரத்தில் இசை படித்துவிட்டு மன்றத்தில் கான்ட்ராக்டில் இருந்தாள். கான்ட்ராக்டில் இருப்பவர்கள் வார்த்தையை அளந்து பேசுவது வழக்கம். தமிழ்மொழிக்கு அந்த வழக்கம் இன்னும் பிடிபடவில்லை.

"மேடம், பாப்பாவுக்கு இது வேணாங்க. அர வயலின் வாங்கிக் குடுங்க. கைய நீட்டிக்கினு உக்காந்திருக்குது, பஸ்ல கம்பியப் புடிச்ச மாதிரி."

"வளர்ற பொண்ணுதானே. போகப் போகச் சரியாயிடும்."

"வளந்தப்புறம் பெருசு வாங்கிக்கலாங்க. இப்ப இருக்கிற கைக்கு இப்ப வாசிக்கணுமே."

"தமிழ்மொழி, அவளுக்கு அரை வேணாம். அதப் பத்தி இனிமே பேச வேணாம்" என்றாள் புவனா. ஆபீஸில் கோப்பை மூடும் குரல் அது. அந்தப் பெண் 'அரை' என்று சொல்லும்போதெல்லாம் புவனாவின் காதில் விழுந்தது தமிழ்மொழியின் குரல் அல்ல, செயலாளர் அம்மாளின் கனிவு.

மாதங்கள் ஓடின. இசைப்பிரியா தினமும் சாயங்காலம் உட்கார்ந்து சாதகம் செய்தாள். தரையில் சம்மணமிட்டு, வயலினின் அடியை மார்போரம் வைத்து, அதன் தலையை வலது காலில் தாங்க வேண்டும். இவள் வயலினின் தலை காலைத் தாண்டிப் போய் அந்தரத்தில் நின்றது. நாதம் மட்டும் பெரிதாக வந்தது. மன்றத் தலைவி விஜயலட்சுமியிடம் புவனா அதைச் சொல்லியும் வைத்தாள். விஜயலட்சுமி செயல் இயக்குநரின் மனைவி. கணவருக்கு வந்த ப்ரமோஷன்களை எல்லாம் ஒன்று விடாமல் தானும் வாங்கிக்கொண்டவர்.

"சின்னப் பொண்ணுதான் மேடம். ஆனா நாதம் கம்பீரமா இருக்கு."

"வயலின் அப்படி, புவனா" என்றார் விஜயலட்சுமி திருப்தியாக.

ஒரு நாள் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தக் கம்பீரம் புவனாவின் காதில் வேறு மாதிரி விழுந்தது. ச... கொஞ்சம் இடைவெளி. ப... மறுபடி ச. அடுப்பைக் குறைத்துவிட்டு ஹாலுக்கு வந்து, கதவோரம் நின்று பார்த்தாள். இசைப்பிரியா வில்லை இழுத்து ச வாசித்தாள். பிறகு வில்லை நிறுத்திவிட்டு, ரி க ம என்று வாயால் பாடினாள். மறுபடி வில்லை இழுத்து ப வாசித்தாள். சவும் பவும் விரல் வைக்காமலே தந்தி தானாகத் தருகிற ஸ்வரங்கள். நடுவில் உள்ளவற்றுக்குத்தான் விரல் வேண்டும்.

"என்ன கண்ணு பண்றே?"

"விரல் போகலம்மா. அதான் அந்த எடத்துல நானே பாடிடறேன்."

"மிஸ் ஒண்ணும் சொல்லலயா?"

"கிளாஸ்ல முன்னாடி உக்கார்ற எல்லாரும் இப்டித்தான். நான்தான் பாடவாவது செய்றேன்."

புவனா பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் இடது மணிக்கட்டில் வலித்தைல வாசனை. எப்போதிலிருந்து பூசிக்கொள்கிறாள் என்று தெரியவில்லை. வயலினை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் கிளாஸ்லேருந்து நின்னுக்கட்டுமா? எனக்கு வயலின் பிடிக்கல."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வயதில் புவனா தன் அப்பாவிடம் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். அவர் ஷிப்ட் முடிந்து மண் படிந்த முகத்தோடு வந்து, வகுப்புக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது, பிடிக்கல என்றாள். அவரைச் செயலாளர் அம்மாளிடம் இன்னொரு முறை அனுப்பக் கூடாது என்பதற்காகச் சொன்னது. அவரும் நம்பினார். நம்பியதுபோல் இருந்தாரோ என்னவோ. இந்தப் பொய்யை வீட்டுக்குள் வைத்து வளர்த்தவள் அவள். அது மகள் வாயிலிருந்து வந்தால் அடையாளம் தெரியாமல் போகுமா?

அந்தக் காலத்து முதல் வரிசையும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலைமைப் பொறியாளரின் மகன் ஒருவன், குண்டுக் கன்னம், எப்போதும் மூக்கு ஒழுகும். முழு வயலினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் இருந்த மூன்று வருடமும் ச, ப மட்டும் வாசித்தான். அவன் அம்மா எல்லாரிடமும் என்ன கம்பீரம் என்பார். அரை வயலினை வைத்துக்கொண்டு பின்வரிசையிலிருந்து புவனா அவனைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் என்ன ஆனானோ. நிச்சயமாக வயலின் வாசிக்கவில்லை.

"நிக்க வேணாம்" என்றாள் புவனா. "தோச கருகுது. வா சாப்பிடலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரில் புதுச்சேரிக்குப் போனார்கள். தமிழ்மொழியையும் புவனா கூட்டிக்கொண்டாள். ஏன் என்று சொல்லவில்லை. தமிழ்மொழியும் கேட்கவில்லை. பண்ருட்டி தாண்டி, நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது, ஆலையின் புளித்த இனிப்பு வாசனையில் மூவருமே ஜன்னலை ஏற்றினார்கள்.

கடைக்காரர் புவனாவின் தோரணையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு முகத்தில் வருத்தம் காட்டினார்.

"அரையா? மேடம் லெவலுக்கு அது நல்லாருக்காதுங்களே. அதிகபட்சம் ரெண்டு வருஷம். முக்கால் எடுத்துக்குங்க. கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், புள்ள வளந்துரும்."

புவனா தடுமாறினாள். அவர் தொட்டது சரியான இடம். அவள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அடுத்த வருடத்துக்கு வாங்கிய உடையில்தான் வளர்ந்தார்கள். பாவாடைக்கு அடியில் இரண்டு மடிப்பு, சட்டை முழங்கை வரை, காலணியின் முனையில் பஞ்சு. மடிப்பை ஒவ்வொரு ஜூனிலும் அம்மா பிரித்துவிடுவாள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் துணி புதுசாக நீலமாய் இருக்கும். சரியான அளவில் சட்டை போட்ட பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்கும், அடுத்த வருடம் என்ன செய்வான் என்று.

"இசை, உனக்கு எது வேணும்?"

இசைப்பிரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினாள். "உங்களுக்கு எது பிடிக்குதோ அது."

"மேடம், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள் தமிழ்மொழி. "பாப்பா உங்க மூஞ்சியப் பாத்துக்கினே பதில் சொல்லுது. அதுல வயலினுக்கு ஒண்ணும் இல்ல."

துணைப் பொது மேலாளரைக் கடைக்கு வெளியே போகச் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். புவனா வெளியே வந்தாள்.

தெருவில் வெயில். எதிர்க்கடையில் யாரோ மீன் வலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே தமிழ்மொழி பேசுவது கேட்டது. கழுத்தில வச்சுக்க, கைய நல்லா நீட்டு, வயலின் தலையில இருக்கிற சுருள் உள்ளங்கைக்கு வருதா? இது நுனி விரலுக்குத்தான் வருது, கீழ வை. இப்ப இது? முழங்கை மடங்குது பாத்தியா, அப்ப சரி. உக்காந்து வாசி. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்பா இருந்திருந்தால் இந்த மாதிரிக் கடைக்கு வெளியேதான் நின்றிருப்பார் என்று புவனா நினைத்தாள். உள்ளே வரக் கூச்சப்பட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுருதி சேரும்வரை காத்திருப்பார். இயந்திரம் ஓட்டிய காது. சத்தத்தில் எங்கே உரசுகிறது என்று உடனே கண்டுபிடித்துவிடும்.

ச. ரி. கொஞ்சம் தயங்கி, க. தேடிப் பிடித்து, ம.

நாலும் வந்தன. மெல்லிய குரல். கம்பீரம் துளிகூட இல்லை.

புவனா உள்ளே போனபோது மகள் மடியில் இருந்தது அரை வயலின். கையோடு கொண்டுவந்திருந்த முழு வயலினைக் கடைக்காரர் விலைக்கு எடுத்துக்கொண்டார். கொடுக்கும்போது பெட்டியின் கைப்பிடியைப் புவனா தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தாள். அவ்வளவுதான்.

வகுப்பு இப்போதெல்லாம் திங்கட்கிழமைகளில். இசைப்பிரியா அரை வயலினோடு போய்வந்தாள். செவ்வாய்க்கிழமை காலைக்குள் டவுன்ஷிப்பில் செய்தி பரவிவிட்டது. துணைப் பொது மேலாளர் வீட்டில் முழு வயலினை விற்றுவிட்டு அரை வயலின் வாங்கியிருக்கிறார்கள். ஏன்? ஒரு பிளாக்கில் புவனா மேல் விஜிலன்ஸ் விசாரணை என்றார்கள். இன்னொரு பிளாக்கில் சுதாகர் ஷேரில் பணத்தை விட்டுவிட்டார் என்றார்கள். கேன்டீனில் ஒருவர் வந்து சுதாகரின் தோளைத் தட்டி, எல்லாம் கொஞ்ச நாள்தான் சார் என்று சொல்லிவிட்டு, அவருடைய டீக்கும் சேர்த்துச் சில்லறை வைத்துவிட்டுப் போனார். சுதாகர் அந்த டீயை ரசித்துக் குடித்தார்.

"தினமும் இப்படி நடந்தா நல்லாருக்கும். இன்னும் சின்னதா கால் வயலின் ஒண்ணு இருக்காமே புவனா, பாப்பாவுக்கு அது எட்டுமா?"

விஜயலட்சுமி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தவர்களின் மென்மை.

"புவனா, வீட்ல ஒண்ணும் கஷ்டமில்லயே? எங்கிட்டச் சொல்லலாம், தப்பில்ல."

"ஒண்ணுமில்ல மேடம்."

"இல்ல, ஆண்டு விழா வருது. முதல் வரிசையில எல்லாம் ஒரே மாதிரி பெருசா இருந்தாத்தான் மேடைக்கு ஒரு அழகு. வேணும்னா அன்னைக்கு மட்டும் எங்க வீட்டுப் பையனோடத வாங்கிக்கட்டும். அவன் இப்ப கீபோர்டுக்குப் போயிட்டான்."

பழைய புவனா ஒருத்தி உள்ளே எழுந்து உட்கார்ந்தாள். முழு வயலின், முதல் வரிசை, கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு நாள்தானே. யாருக்குத் தெரியப்போகிறது? பக்கத்து அறையில் இசைப்பிரியா க-வைத் தேடிக்கொண்டிருந்தாள். மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய்.

"அவ கை சின்னது மேடம்."

"அதுக்கென்ன, சும்மா வச்சுக்கிட்டு உக்காந்தாப் போதும்."

"வாசிக்கணும்ங்கிறா மேடம்" என்றாள் புவனா. "பின்வரிசையிலயே இருக்கட்டும்."

"சரி புவனா, தைரியமா இருங்க" என்றது மறுமுனை. விசாரணை உண்மைதான் என்று விஜயலட்சுமி முடிவு செய்துவிட்டது கேட்டது.

ஆண்டு விழாவில் வழக்கம்போல் வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றி, பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவர்களுக்குப் பொன்னாடை. பிறகு திரை விலகியது. முதல் வரிசையில் முழு வயலின்கள் பளபளவென்று மின்னின. அவற்றுக்குப் பின்னால் பிள்ளைகள் இருப்பது தலைமுடியை வைத்துத் தெரிந்தது. பின்வரிசையில் கான்ட்ராக்ட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேரும் இசைப்பிரியாவும். புவனா தன் கிரேடுக்குரிய நாற்காலியில் கழுத்தை எட்டிப் பார்த்தாள். மகளின் ரிப்பன் மட்டும் ஒரு வயலினின் தோளுக்கு மேல் அசைந்தது.

தமிழ்மொழி தாளம் போட்டாள். கீதம் தொடங்கியது. முதல் வரிசை ஒரே மூச்சாக ச என்றது. பிறகு ப. மறுபடி ச. விடாமல், அசையாமல், கம்பீரமாக. தமிழ்மொழி அன்றைக்குச் சுருதிப்பெட்டி வைக்கவில்லை என்பதைப் புவனா அப்போதுதான் கவனித்தாள். தேவைப்படவில்லை. நிறுவனத்தின் மூத்த அதிகாரிகளுடைய வாரிசுகள் சுருதி பிடிக்க, அதன் மேல் பின்வரிசை கீதத்தை வாசித்தது.

"என்னமா சேருது பாருங்க, முன்னாடி உக்காந்த பிள்ளைங்க" என்று விஜயலட்சுமி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதில் பொய் ஒன்றுமில்லை. நன்றாகத்தான் சேர்ந்தது.

பின்வரிசைக் குரல்களில் தன் மகளுடையது எது என்று புவனா தேடிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு இடத்தில், எல்லாரும் க-வில் நிற்கும்போது ஒரே ஒரு வயலின் கொஞ்சம் தாழ்ந்து விழுந்து, சட்டென்று எழுந்து ஓடிப்போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. புவனா இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

முடிந்ததும் இசைப்பிரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அம்மா, நடுவுல ஒரு எடத்துல தப்பா வாசிச்சேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நிஜமாவா? நானுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. க கொஞ்சம் கீழ விழுந்துது. உடனே சரி பண்ணிட்ட."

இசைப்பிரியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பின்னால் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்த சுதாகரிடம் திரும்பி, "அப்பா, நான் தப்பா வாசிச்சது அம்மாவுக்கு அங்க வரைக்கும் கேட்டுச்சாம்" என்றாள்.